கண்ணிலானும் காலிலானும்

காஞ்சி மாநகருக்குத் தெற்கே, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உத்தரமேரூர் என்னும் பழம்பெரும் ஊர் அமைந்துள்ளது. பல்லவர் காலத்தில் சதுர்வேதிமங்கலமாக விளங்கிய அவ்வூரில், வயிரமேக தடாகம் என்று கல்வெட்டுகள் குறிக்கும் பேரேரியும், சுந்தரவரதப் பெருமாள் கோயிலும், வைகுந்தப் பெருமாள் கோயிலும் உள்ளன. இவற்றுள் வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுவர்களே அவ்வூருக்கு அழியாப் புகழை ஈட்டித் தந்தன. முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், ஊர்ச்சபையார் கூடி வகுத்த தேர்தல் விதிகள் அச்சுவர்களில் வெட்டப்பட்டுள்ளன. குடவோலை முறை என்று மாணவர் வரலாற்று நூலில் பயில்வது இதுவே.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி எடுப்பர். அவ்வாறு எடுக்கப்பட்டோர் ஆட்டை வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்னும் வாரியங்களில் அமர்ந்து ஓராண்டுக் காலம் பணியாற்றுவர். உறுப்பினராதற்குச் சொந்த நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும், 35க்கு மேல் 70க்குட்பட்ட வயதும் வேண்டும் என்று கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு விதிக்கின்றது. யாவர் ஆகார் என்பதையும் அது விரித்துரைக்கின்றது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் ஆகார். அவருடைய உறவினரும் ஆகார். பிறர் பொருளைக் கவர்ந்தவர், பெரும்பாவம் புரிந்தவர், ஊருக்குத் தீங்கு செய்தவர் முதலியோரும் விலக்கப்பட்டனர்.

ஓலையை எடுப்பவன் யாவன் என்பது சுவையான செய்தி. எழுத்தின் உருவறியாத சிறுவன் ஒருவனை அழைத்துக் குடத்திலிருந்து ஓலையை எடுக்கச் செய்தனர். கற்றார் பலர் சூழ்ந்திருக்கும் அவையில் கல்லாமையே அச்சிறுவனுக்குத் தகுதியாயிற்று! ஒன்று இல்லாமை எப்பொழுதும் குறையாகி விடுவதில்லை என்பதற்கு இதனினும் எளிய சான்று வேறு வேண்டுமோ?

இவ்விலக்குப் பட்டியலை மீண்டும் ஒருமுறை நோக்கினால் மற்றோர் உண்மை புலனாகும். அதில் விலக்கப்பட்டோர் பலரும் தம் ஒழுக்கத்தாலோ, ஒழுக்கம் பிறழ்ந்தாரொடு கொண்ட தொடர்பாலோ விலக்கப்பட்டவர். கண் இல்லாதவர், கால் இயலாதவர், செவி கேளாதவர் என்று உடற்குறையைச் சுட்டும் சொல் அங்கு இல்லை. கணக்குக் காட்டாமை அச்சபையார்க்குக் குற்றமாகத் தோன்றியது. கால் ஊனம் அவ்வாறு எழுதி வைக்கத்தக்கதாகத் தோன்றவில்லை.

ஆயினும், இதனைக்கொண்டு அவ்வவை யாவர்க்கும் திறந்திருந்தது என்று கருதிவிடலாகாது. நிலமுடைய வேதியராகிய ஆடவரே அதில் இடம்பெற்றனர். பெண்டிர்க்கும் பிற குடியினர்க்கும் அதில் இடமில்லை. மேலும், ஒருவரை விலக்காமல் விடுதல் வேறு; அவருக்கென்று இடம் அளித்தல் வேறு. உள்ளாட்சி மன்றங்களில் உடற்குறையுடையாரை நியமன உறுப்பினராக்க வகை செய்யும் சட்டத்திருத்தத்தைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றியது 2025ஆம் ஆண்டில்தான். இரண்டிற்கும் இடையே ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழிந்துள்ளன.

உத்தரமேரூர்ச் சபையார் வேதமும் அதன் விரிவுரையும் கற்றவர்கள். நிலம் குறைவாக உடையவனும், ஒரு வேதத்தோடு நான்கு பாடியங்களுள் ஒன்றையேனும் கற்று விரித்துரைக்க வல்லவனாயின், அவன் பெயரும் குடத்தில் இடம்பெறலாம் என்று அக்கல்வெட்டே கூறுகின்றது. இத்தகைய கல்வி வழங்கிய நாட்டில் உடற்குறையைப் பற்றி நூல்கள் என்ன கூறின? இயற்கை ஒருவனுக்குக் கண்ணைக் கொடாமல் விட்டது ஏன் என்னும் வினாவுக்கு அவை என்ன விடை கண்டன? அவை ஒரே குரலில் பேசவில்லை என்பதே முதலில் அறிய வேண்டுவது.

அவற்றுள் கடுமையான குரல் ஒன்று உண்டு. முற்பிறப்பிற் செய்த தீவினையே இப்பிறப்பில் உடற்குறையாக வந்து விளைகின்றது என்பது அது. மனுவின் தரும நூல் இன்ன பாவத்திற்கு இன்ன குறை என்று பதினோராம் அத்தியாயத்தில் வரிசைப்படுத்துகின்றது. ஒன்பதாம் அத்தியாயமோ, பிறவிக் குருடர், செவிடர், ஊமர் முதலியோர்க்குத் தந்தையின் சொத்தில் பங்கில்லை என்று விதித்து, அவர்க்கு உணவும் உடையும் அளித்தல் வேண்டும் என்று மட்டும் கூறி அமைகின்றது. அந்நூலே நான்காம் அத்தியாயத்தில், உறுப்புக் குறைந்தாரையும் மிக்காரையும் இகழலாகாது என்றும் உரைக்கின்றது. இகழாதே என்பவர் பங்கையும் கொடுத்திருக்கலாம். அப்பங்கு முழுமையாகக் கிடைக்க நெடுங்காலம் சென்றது. 1928ஆம் ஆண்டுச் சட்டம் அத்தடையைப் பெரும்பாலும் நீக்கியது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், நோயோ உறுப்புக் குறையோ காட்டி ஒருவர்க்கும் சொத்துரிமையை மறுத்தல் கூடாது என்று தெளிவாக விதித்தது.

தமிழிலும் இத்தகைய நோக்கு இல்லாமற் போகவில்லை. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியை நோக்கிப் பாடிய புறநானூற்று 28ஆம் பாட்டு, குருடு, கூன், குறள், ஊமை, செவிடு முதலாக எட்டுவகைப் பிறப்புகளை எண்ணி, அவற்றைப் பயனில் பிறப்பெனப் பெரியோர் கூறினர் என்கின்றது. அக்குறைகள் இன்றிப் பிறந்த நீ அறம் பொருள் இன்பங்களை ஆற்றுக என்று அரசனைத் தூண்டுதலே புலவர் கருத்து. ஆயினும், அவ்வெண்வகையாருள் ஒருவர் அரசவையின் ஓரத்தில் நின்று அப்பாட்டைக் கேட்டிருப்பின் அவர் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணாமல் இருத்தல் இயலாது.

இனி, இக்குரலினின்றும் வேறுபட்டு ஒலிக்கும் ஒன்றைக் காண்போம். இந்தியத் தத்துவங்களுள் மிகப் பழமையானவற்றுள் ஒன்று சாங்கியம். அதன் கொள்கைகளை ஈசுவரகிருட்டிணர் என்பார் ஏறத்தாழ எழுபது செய்யுட்களில் சுருங்கக் கூறினார். சாங்கிய காரிகை என்பது அந்நூலின் பெயர். கி.பி. 6ஆம் நூற்றாண்டிலேயே பரமார்த்தர் என்னும் துறவி அதனைச் சீன மொழியில் பெயர்த்தார் என்றால், அதன் பெருமை கூறாமலே விளங்கும். தமிழர்க்கும் சாங்கியம் புதியதன்று. மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி மாநகரில் சமயவாதிகள் பலரிடம் மணிமேகலை கேட்டறியும் கொள்கைகளுள் சாங்கியமும் ஒன்றாகும்.

உலகிற்கு இரண்டு மூலங்கள் உள்ளன என்பது சாங்கியரின் துணிபு. ஒன்று பிரகிருதி, தமிழ் நூலார் இதனைப் பகுதி என்றும் மூலப்பகுதி என்றும் வழங்குவர். நாம் இயற்கை என்று கூறும் அனைத்தும் அதனுள் அடங்கும். மண்ணும் நீரும் மட்டுமல்ல, உடலும், ஐம்பொறியும், மனமும், அறிவுங்கூட அதன் விரிவுகளே. மற்றொன்று புருடன், அஃதாவது உணர்வே வடிவாகிய உயிர். பிரகிருதி ஓயாது செயற்படுவது, ஆனால் உணர்வற்றது. புருடன் காண்பவன், ஆனால் செயலற்றவன். செயல் உள்ளதற்குக் காட்சி இல்லை. காட்சி உள்ளதற்குச் செயல் இல்லை. அங்ஙனமாயின் இவ்விரண்டும் கூடி உலகம் நடைபெறுவது எவ்வாறு? இவ்வினாவுக்குக் காரிகையின் 21ஆம் செய்யுள் ஓர் உவமையால் விடை கூறுகின்றது. குருடனும் முடவனும் கூடியது போல என்பதே அவ்வுவமை.

உவமையை ஒரு சொல்லில் கூறிச் செய்யுள் நின்றுவிட, உரை கண்ட கௌடபாதர் அதனைக் கதையாக விரித்தார். வணிகர் கூட்டம் ஒன்று காட்டு வழியே சென்றுகொண்டிருந்தது. அக்கூட்டத்தில் கண்ணிலான் ஒருவனும் காலிலான் ஒருவனும் இருந்தனர். கள்வர் திடீரெனப் பாய்ந்தனர். உற்றார் யாவரும் தத்தம் உயிரைக் காத்துக்கொண்டு ஓட, அவ்விருவரும் கைவிடப்பட்டனர். திக்கறியாது அலைந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டனர். ஒருவர் சொல்லில் மற்றவர் நம்பிக்கை வைத்தனர். கண்ணிலான் காலிலானைத் தோள்மேல் ஏற்றிக்கொண்டான். தோள்மேல் இருந்தவன் வழி காட்ட, கீழிருந்தவன் நடந்தான். இருவரும் தாம் விரும்பிய இடத்தை அடைந்தனர். அடைந்தபின் பிரிந்து சென்றனர்.

இவ்வுவமையில் இயற்கையாக நிறுத்தப்பட்டவன் யாவன்? கண்ணிலானே இயற்கை. பொறிகளும் புலன்களும் நிறைந்த ஒருவனை நிறுத்தி, இவன்போல்வது இயற்கை என்று சாங்கியர் கூறவில்லை. மலையை நிறுத்துவதும், மழையைப் பொழிவிப்பதும், கன்று வளர்தற்பொருட்டு ஆவின் மடியில் பாலைச் சுரப்பிப்பதும் ஆகிய பேராற்றல் தன் செயலைத் தான் அறியாது. அது காணாமலே நடக்கின்றது. இனி, அறிவே உருவான உயிரோ நடக்க இயலாதது. முழுமை என்று நாம் கருதுவனவாகிய இவ்விரண்டையும் குறையுடைய இருவராகக் கண்ட துணிவு பெரிது. குறை என்பது உலக இயல்பிற்குப் புறம்பான விபத்து எனின், உலகத்தின் வேரையே அவ்வுருவில் காட்ட எவரும் முன்வாரார்.

சாங்கியர் இதனோடு நில்லாது, உடற்குறைகளை நேரே எடுத்து ஆராயவும் செய்தனர். பொறிகளும் மனமும் பழுதுறுவதால் வருவன 11 என்றும், அறிவின் பழுதால் வருவன 17 என்றும் எண்ணி, ஆக 28 வகை இயலாமைகளைக் காரிகை கூறுகின்றது. பார்வையின்மை, கேளாமை, பேசாமை, நடக்க இயலாமை முதலியன முதல் வகையில் அடங்கும். இவை யாவும் எங்கே நிகழ்கின்றன? கருவிகளாகிய பொறிகளில். அப்பொறிகள் பிரகிருதியின் விரிவுகள் என்று மேலே கண்டோம். ஆதலின் பழுது கருவியைச் சார்ந்ததேயன்றி உயிரைச் சார்ந்ததன்று. யாழின் நரம்பு அறுந்தால் பாணனை ஊனமுற்றவன் என்பார் உளரோ?

தமிழிலக்கணம் பயின்றார்க்கு இங்கு வேறொன்று நினைவிற்கு வரும். மூன்றாம் வேற்றுமையின் பொருள்களைத் தொகுத்துரைக்கும் தொல்காப்பிய நூற்பாவிற்கு உரை எழுதியோர், கண்ணாற் குருடன், காலான் முடவன் என்னும் வகையில் எடுத்துக்காட்டுவர். குறை இருக்குமிடம் கண் என்றும் கால் என்றும் வேற்றுமை உருபு வரையறுத்து விடுகின்றது. ஆள் முழுவதையும் அது தொடுவதில்லை. பெயர்களை வகுக்குமிடத்தும், சினையோடு முதல் சேர்ந்து வரும் பெயர்க்கு முடக்கொற்றன் என்னும் எடுத்துக்காட்டு உரைகளில் வழங்குகின்றது. பொருநராற்றுப்படை பாடிய முடத்தாமக்கண்ணியாரும், புறநானூற்றுப் புலவராகிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியாரும் இவ்வாறு பெயர் பெற்றவர்களே என்று அறிஞர் கருதுவர். முடம் என்பது அவர்கள் பெயரின் முதற்பகுதி. அப்பெயரின் இறுதியில் நிற்பதோ ஆர் என்னும் உயர்வு விகுதி.

குருடன் முடவன் உவமையை எதிர்த்தாரும் உளர். பிரம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் இரண்டாம் பாதத்தில் சங்கரர் அதனை எடுத்து மறுக்கின்றார். முடவன் குருடனை வழிநடத்துகின்றான் என்கிறீர். ஆனால் முடவன் வாய் திறந்து பேசி வழி காட்டுகின்றானே. உங்கள் புருடனோ எச்செயலும் அற்றவன். செயலற்றவன் பிறரைச் செலுத்துவது எங்ஙனம் என்பது அவர் தடை. இது சாங்கியத்தை வீழ்த்தியதா என்பது தத்துவம் கற்றார் ஆராயத்தக்கது. நம் பொருளுக்கு வேண்டுவது அத்தடையினுள் மறைந்து கிடக்கும் ஓர் உண்மை. நடக்க இயலாதவன் செயலற்றவன் அல்லன். அவன் சொல்லும் செயலே என்பதைச் சங்கரர் ஐயத்திற்கு இடமின்றி ஏற்றுக்கொண்டே வாதிடுகின்றார். முடவனைச் செயலின்மைக்கு உவமையாக்கியது பொருந்தாது என்று அவர் கண்டார். உவமை கூறியவரினும் அதனை மறுத்தவர் அம்முடவனுக்கு ஒரு படி மேலான மதிப்பை அளித்துவிட்டார் எனலாம்.

தத்துவ நூலார் இவ்வாறு உவமையால் விளக்க, மருத்துவ நூலார் காரணத்தைத் தேடி நேரே கருப்பைக்குள் நோக்கினர். சரக சங்கிதையின் உடலியற் பகுதி, கருவில் உறுப்புத் திரிபு தோன்றுதற்குப் பல காரணங்களைத் தொகுத்துக் கூறுகின்றது. வித்தின் பழுது, கருப்பையின் பழுது, காலத்தின் பழுது, தாயின் உணவிலும் நடையிலும் நேர்ந்த பிழை என்பன அவற்றுட் சில. உயிரின் பழவினையும் அவ்வரிசையில் உண்டு. ஆயினும் அது பலவற்றுள் ஒன்றாக நிற்கின்றதேயன்றித் தனிக் காரணமாக நிற்கவில்லை. மனுநூல் ஒரே கதவைத் திறந்த இடத்தில் சரக நூல் ஐந்தாறு கதவுகளைத் திறந்தது.

அத்திரிபு நிகழும் முறைக்கு அந்நூல் கூறும் உவமை ஆற்றங்கரையில் வாழ்வார் கண்டு பழகியது. மழைக்காலத்தில் ஆறு பெருகி வருகின்றது. நீரோட்டத்தின் நடுவே மரம் ஒன்று நிற்கின்றது. அடித்து வரும் கட்டைகளும் கற்களும் நீரின் வேகமும் மோத, அம்மரம் வளைந்தும் முறுகியும் உருத் திரிகின்றது. கருப்பையில் தங்கிய கருவை வாத பித்த கபங்களின் மிகுதி அவ்வாறே திரிக்கின்றது என்பது கருத்து. கார்காலத்துப் பாலாற்றையும் செய்யாற்றையும் கண்டவர் இவ்வுவமையை உடனே உணர்வர். வெள்ளம் வடிந்தபின் கரையில் சாய்ந்து நிற்கும் மருத மரத்தை நோக்கி, நீ என்ன பாவம் செய்தாய் என்று எவரும் வினவுவதில்லை. வளைந்த அம்மரம் மறு பருவத்தில் தளிர்க்கவும் பூக்கவும் செய்கின்றது.

அதனை அடுத்த அத்தியாயத்தில், பரத்துவாசர் ஆத்திரேயரை ஒரு கேள்வி கேட்கின்றார். மனிதனிலிருந்து மனிதன் பிறக்கின்றான் எனின், குருடர்க்கும் முடவர்க்கும் ஊமர்க்கும் கூனர்க்கும் பிறக்கும் மக்கள் ஏன் அவர்களைப் போலவே பிறப்பதில்லை? நுட்பமான கேள்வி இது. ஆத்திரேயர் விடை கூறுகின்றார். ஒவ்வோர் உறுப்பிற்கும் வித்தினுள் ஒரு பகுதி உண்டு. எவ்வுறுப்பிற்குரிய வித்துப்பகுதி பழுதுறுகின்றதோ அவ்வுறுப்பே திரியும். அப்பகுதி பழுதுறாதாயின் திரிபும் தோன்றாது. ஆகவே பெற்றோரின் குறை பிள்ளைக்கு வந்தே தீரும் என்னும் நியதி இல்லை. நுண்ணோக்கிக் கருவி எதுவும் இல்லாத காலத்தில், இத்துணைப் பொறுமையோடு ஒருவர் காரணத்தைத் தேடினார் என்பது வியப்பிற்குரியது. இக்கால மரபியல் அறிவியலோடு இது முற்றும் ஒத்தது என்று பெருமை பேசுதல் மிகையாகும். வித்தைக் குறித்து அவர்கள் அறிந்தது சிறிது. இன்று அறிந்தது பெரிது. எனினும், குற்றம் யாருடையது என்று கேட்பதை விடுத்து, இது எவ்வாறு நிகழ்ந்தது என்று கேட்கத் தொடங்கியமை அவர்கள் பெருமை.

உயிர்களைப் பொறியறிவு நோக்கி வகுத்த தமிழ் மரபையும் இங்குக் கருதலாம். தொல்காப்பிய மரபியல் புல்லும் மரமும் ஓரறிவின என்றும், எறும்பு முதலியன மூவறிவின என்றும், இவ்வாறே ஆறறிவு வரை உயிர்களை வரிசைப்படுத்துகின்றது. சமணரும் பொறிகளின் எண்ணிக்கையைக் கொண்டு உயிர்களை வகுத்தனர். இவ்வகுப்பின்படி எறும்பிற்குக் கண்ணறிவும் செவியறிவும் இல்லை. அதனால் எறும்பைக் குருடு என்றோ செவிடு என்றோ ஒருவரும் இரங்குவதில்லை. அதன் புற்றும் வரிசையும் சேமிப்பும் கண்டு வியக்கின்றோம். அவ்வவ் வுயிர் தனக்குள்ள அறிவைக்கொண்டு தன் வாழ்வை நடத்துகின்றது.

வானத்திலும் ஒரு சான்று உண்டு. வினதை பொறுமையிழந்து முட்டையைக் காலத்திற்கு முன்பே உடைத்தமையால், தொடையும் காலும் உருப்பெறாமல் பிறந்தவன் அருணன் என்பது பாரதக் கதை. அவனே கதிரவனின் தேர்ப்பாகன் ஆனான். நாள்தோறும் வானம் முழுவதையும் கடந்து செல்லும் தேரை ஓட்டுதற்கு நடக்க இயலாதவனே அமைந்தான். விடியலின் செம்மைக்கும் அவன் பெயரே வழங்கலாயிற்று.

எண்ணத்தில் இத்துணை உயர்வு இருந்தும், தெருவில் வழங்கிய நாவு கொடிதாகவே இருந்திருத்தல் வேண்டும். இல்லையெனின் அதனை அடக்கச் சட்டம் தோன்றியிராது. கௌடிலியரின் அருத்தசாத்திரம் நெடுங்காலம் பெயரளவிலேயே அறியப்பட்டிருந்தது. 1905ஆம் ஆண்டில் மைசூரில் கிடைத்த ஏட்டைக் கொண்டு சாமசாத்திரியார் 1909இல் அதனைப் பதிப்பித்தார். இளையோர், முதியோர், நோயாளர், துன்புற்றோர், ஆதரவற்றோர் ஆகியோரைப் புரத்தல் அரசன் கடமை என்று அந்நூல் விதிக்கின்றது. சொல்லால் இழைக்கும் கொடுமைக்கென்று தனி அத்தியாயமும் அதில் உண்டு. ஒற்றைக் கண்ணனை ஒற்றைக் கண்ணா என்றும், நொண்டியை நொண்டி என்றும் பழிப்பவனுக்கு, அக்குறை உண்மையாகவே இருப்பினும், தண்டம் 3 பணம். குறை இல்லாதவனை அவ்வாறு பழித்தால் 6 பணம். ஆனால், கண் பழுதானவனை நோக்கி, ஆகா, என்ன அழகிய கண் என்று புகழ்வதுபோல் இகழ்ந்தால் தண்டம் 12 பணம்!

உண்மையைத்தானே கூறினேன் என்பது தண்டனையினின்றும் தப்பும் வழியன்று என்பதும், நேரே இகழ்வதினும் நகைத்துப் புகழ்வது நான்கு மடங்கு கொடியது என்பதும் இவ்விதியால் பெறப்படுகின்றன. பள்ளி முற்றத்தில் உடன் பயில்வானுக்குப் பட்டப்பெயர் சூட்டி மகிழும் சிறுவர்க்கு இத்தண்டத்தின் அளவு தெரிந்திருத்தல் நன்று. வைவதைவிட வஞ்சப் புகழ்ச்சி ஆழமாகப் பாயும் என்பதை அம்மதிநுட்பம் மிக்க அமைச்சர் எங்கோ கண்டறிந்திருக்கின்றார்.

பழி எது என்பதைத் திருவள்ளுவரும் வரையறுத்தார். ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில், 618ஆம் குறளில், பொறியில்லாமை எவர்க்கும் பழியாகாது; அறிய வேண்டியவற்றை அறிந்து முயலாமையே பழியாகும் என்னும் கருத்தை வைக்கின்றார். பொறி என்னும் சொல்லுக்குப் பரிமேலழகர் நற்பயன் தரும் விதி என்று பொருள் கொண்டார். இக்கால உரையாசிரியருள் சிலர் உடலுறுப்பு என்று கொண்டனர். பொறி என்பது இருபொருளும் தரும் சொல்லாதலின், மெய் வாய் கண் மூக்குச் செவிகளையே முதலில் நினைக்கும் மாணவர் பின்னதைத் தழுவினும் தவறன்று. விதி என்றே கொள்ளினும், அதன் இன்மை பழியன்று என்று வள்ளுவர் கூறுவது, குறையைப் பழவினையோடு பிணைத்துத் தூற்றுவாருக்கு விடையாகவே அமைகின்றது.

காஞ்சி மாநகரைப் பற்றிய இரண்டு செய்திகள் இன்னும் எஞ்சியுள்ளன. ஒன்று, முன்னே கூறிய மணிமேகலையைப் பற்றியது. சாங்கியம் முதலிய சமயக் கணக்கர் திறங்களை வஞ்சியில் கேட்ட மணிமேகலை, அங்கிருந்து காஞ்சிக்கு வருகின்றாள். காஞ்சியில் மழை பொய்த்துப் பசி மிகுந்திருந்தது. அமுதசுரபி என்னும் பாத்திரத்தை ஏந்தி அவள் உணவளிக்கத் தொடங்கியபோது, கண் காணாதாரும், செவி கேளாதாரும், கால் முடமானாரும், பேச இயலாதாரும், நோயுற்றாரும் பலமொழி மாக்களோடு கூடி வந்தனர். அவர்களோடு விலங்குகளும் வந்து உண்டன என்று 28ஆம் காதை கூறுகின்றது. அப்பாத்திரத்தை முதலில் பெற்றிருந்த ஆபுத்திரனும், மதுரையில் வீடுதோறும் இரந்த சோற்றை இத்தகையோர்க்கு ஊட்டி, எஞ்சியதையே தான் உண்டான் என்பர். எச்சமயம் மெய் என்னும் வாதத்தைக் கேட்டு வந்தவள், அடுத்த காதையில் சோறு அள்ளி இடுகின்றாள். உண்ண வந்தாருள் எவரிடத்தும் முற்பிறப்பிற் செய்த வினை யாது என்று அவள் வினவியதாகச் சாத்தனார் பாடவில்லை.

மற்றொன்று இரட்டைப் புலவரைப் பற்றியது. சோழ நாட்டில் தோன்றிய அவ்விருவரும் முதுசூரியர், இளஞ்சூரியர் என்னும் பெயரினர். ஒருவர் கண்ணிலார், மற்றவர் காலிலார். கண்ணிலார் காலிலாரைத் தோளிற் சுமக்க, காலிலார் வழி கூற, ஊர் ஊராகச் சென்று பாடினர். கௌடபாதர் காட்டினுள் வைத்துச் சொன்ன கதை தமிழ்நாட்டுத் தெருக்களில் நடந்தது. இருவரும் தத்தம் பாட்டைத் தனித்தனியே பாடாமல், ஒருவர் செய்யுளின் முற்பாதியைத் தொடங்க மற்றவர் பிற்பாதியை முடித்தனர் என்பது வழிவழி வரும் செய்தி. சாங்கியக் கதையின் இருவர் ஊர் சேர்ந்ததும் பிரிந்தனர். இவ்விருவரோ பாட்டிலும் பிரியாது நின்றனர். தில்லைக் கலம்பகமும் திருவாமாத்தூர்க் கலம்பகமும் அவர்கள் இயற்றியவை.

காஞ்சிக்கு வந்த அவர்கள் ஏகாம்பரநாதர்மீது ஓர் உலாப் பாடினர். உலா என்பது இறைவனோ அரசனோ வீதியில் பவனி வருதலையும், பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவத்துப் பெண்டிர் அக்காட்சியைக் கண்டு உளம் நெகிழ்தலையும் பாடும் நூல்வகை. வருதலும் காணுதலுமே அதற்கு உயிர். தெருவில் நடந்து செல்ல இயலாத ஒருவரும், செல்வதைக் காண இயலாத ஒருவரும் கூடி அதனைப் பாடினர். ஏகாம்பரநாதர் உலா இன்றும் அச்சில் கிடைக்கின்றது. அதன் அடிகளைப் படிப்பவர், இதில் தொடங்கியவர் எவர், முடித்தவர் எவர் என்று பிரித்துக் காண முயன்றால், அது கைகூடுவதில்லை.